பணம் எங்கே நின்றது? மலையகப் பாடசாலைகளின் நிதியும் தகராறும்: ஓர் எளிய விளக்கம்

இலங்கையின் மலையகத்தில், தோட்டத்துப் பாடசாலையைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இரண்டு வசனங்கள் மாறி மாறிக் கேட்கும். "அரசாங்கம் கோடிக்கணக்கில் கொடுக்கிறது, அதிபர்தான் அமுக்கிவிட்டார்" என்பது ஒன்று. "அரசாங்கம் ஐந்து சதம் தருவதில்லை, எல்லாம் பெற்றோர் தலையில்தான்" என்பது மற்றது. பஸ்ஸில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், சங்கக் கூட்டத்தில், எங்கே போனாலும் இதே இரண்டுதான். இவை இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. பெரும்பாலான பாடசாலைகளில் இரண்டுமே பொய்.

இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத ஒருவரோடு பெற்றோர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஒரு தவணை முழுவதும் கணித ஆசிரியர் இல்லாமல் கழிந்துவிடுகிறது. ஆகவே பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் நிற்கும், நின்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பீலியடியில் சண்டை, அடைப்பு மேலே

லயத்துப் பீலியை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் விழும் இடத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் ஊற்று. அதற்குக் கீழே தொட்டி. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பங்களாவுக்கு ஒரு கிளை, தொழிற்சாலைக்கு ஒரு கிளை. மிச்சம்தான் பீலிக்கு. ஒரு நாள் பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகினால், குடத்தோடு நிற்பவர்கள் தங்களுக்குள்தான் மோதிக்கொள்வார்கள். மேலே ஏறிப் பார்த்தவருக்குத்தான் தொட்டி வற்றியதா, யாராவது திறப்பை அடைத்தார்களா, குழாய் உடைந்ததா என்பது தெரியும்.

பாடசாலைத் தகராறும் அப்படித்தான் நடக்கிறது. அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கும் இடம் குழாயின் கடைசி நுனி. சில வேளைகளில் குற்றம் அங்கேயே இருக்கும். பல வேளைகளில் அது மத்திய, ஊவா மாகாணங்களின் தலைநகர்களான கண்டியிலோ பதுளையிலோ, அல்லது கொழும்பிலோ இருக்கும்.

முதலில் கேட்க வேண்டியது: இது யாருடைய பாடசாலை?

இலங்கையில் அரசாங்கப் பாடசாலைகள் இரண்டு வகை. கல்வி அமைச்சு நேரடியாக நடத்துபவை தேசியப் பாடசாலைகள். மற்றவை மாகாணப் பாடசாலைகள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு அவை மாகாண சபைகளின் கீழ் வந்தன. நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் இருந்தாலும் தேசியப் பாடசாலைகள் சில நூறுதான். தோட்டங்களில் உள்ளவை ஏறக்குறைய எல்லாமே மாகாணப் பாடசாலைகள்.

மாகாணப் பாடசாலைக்கு மேலே ஒரு படிவரிசை உண்டு. கோட்டக் கல்வி அலுவலகம், அதற்கு மேல் வலயக் கல்வி அலுவலகம், அதற்கு மேல் மாகாணக் கல்வித் திணைக்களம், பிறகு மாகாணக் கல்வி அமைச்சு. நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து வலயங்கள் உள்ளன: நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த. பாடசாலையின் அன்றாடக் கணக்கு வழக்கு பெரும்பாலும் வலய அலுவலகத்தோடுதான்.

நம் பாடசாலைகளுக்கு ஒரு பழைய பின்னடைவும் இருக்கிறது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை தோட்டத்தோடேயே கிடந்தது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். மற்றப் பாடசாலைகள் முப்பது ஆண்டுகளாகக் கட்டிடம், காணி, ஆய்வுகூடம் என்று சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் நமக்கு ஒரே மண்டபமும் ஓர் ஆசிரியரும் இருந்தார்கள். 1980களில் சுவீடன் அரசின் உதவி நிறுவனமான சீடாவின் உதவியோடு எழுந்தவற்றை இன்றும் 'சீடா கட்டிடம்' என்று சொல்லும் பாடசாலைகள் உண்டு. இன்றைய ஒதுக்கீட்டைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தாலும் அந்த முப்பது ஆண்டு இடைவெளி தானாக மூடிவிடாது. "எல்லாப் பாடசாலைக்கும் ஒரே மாதிரித்தானே கொடுக்கிறோம்" என்று அதிகாரிகள் சொல்லும்போது நான் இதைத்தான் நினைவூட்ட விரும்புகிறேன்.

ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு

பத்திரிகையில் "கல்விக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு" என்று வரும். ஒதுக்கீடு என்பது பாராளுமன்றம் தரும் அனுமதி. இந்த ஆண்டில் இந்த வேலைக்கு இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதே அதன் பொருள். அந்த வேளையில் யார் கையிலும் காசு இல்லை. திறைசேரி பிறகு சிறிது சிறிதாகக் காசை விடுவிக்கும். அப்படி விடுவிக்கப்படும் காசுக்குக் கட்டுநிதி என்று பெயர். ஒதுக்கீடு முழுதாக இருந்தும் கட்டுநிதி பாதியே வந்தால் பாதி வேலைதான் நடக்கும். ஒப்பந்தகாரர் தூண்களை நிறுத்திவிட்டு ஆளையே காணவில்லை என்றால், அவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவருக்குப் பணம் போனதா என்று கேட்க வேண்டும்.

மாகாணங்களுக்கு எவ்வளவு என்பதை நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்கிறது. மத்திய வரிப்பணத்தை மாகாணங்களுக்குப் பங்கிடும் முறையை அரசாங்கத்துக்குச் சொல்லும் அரசியலமைப்பு அமைப்பு அது. அந்தப் பணம் பெரிய அளவில் இரண்டு பைகளில் வரும். சம்பளம், மின்கட்டணம் போல ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருபவை மீண்டெழும் செலவு. கட்டிடம், தளபாடம், இயந்திரம் போல ஒரு முறை செய்து பல காலம் பயன்படுத்துபவை மூலதனச் செலவு. ஒரு பையிலிருந்து எடுத்து மற்றதில் போட அதிபருக்கு அதிகாரம் இல்லை. "மின்கட்டணம் கட்டக் காசு இருக்கிறதாம், புதுக் கூரை போடக் காசு இல்லையாம்" என்று கோபப்படும் பெற்றோருக்கு இதை யாராவது நேரத்தோடு விளக்கியிருந்தால் பாதிச் சண்டை எழுந்திருக்காது.

நாட்டில் பணம் முட்டுப்படும்போது முதலில் வெட்டுவது மூலதனத்தைத்தான். சம்பளத்தை நிறுத்த முடியாது, கட்டிடத்தை நிறுத்தலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் அதுதான் நடந்தது.

மலையகத்தில் மூலதனப் பணம் நிற்பதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று காணி. பாடசாலை நிற்கும் நிலம் பெரும்பாலும் தோட்டக் காணி. அது அரசுக்குச் சொந்தமானது, ஆனால் 1992க்குப் பிறகு கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பது. காணி பாடசாலையின் பெயரில் எழுத்தில் இல்லையென்றால் புதிய கட்டிடத்துக்கு அனுமதி பெறுவது பெரும் இழுபறி. மற்றது மண்சரிவு. சரிவுப் பகுதியில் கட்ட வேண்டுமானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். இது வீண் சிவப்பு நாடா என்று நினைப்பவர்கள் 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நம் மலைகள் சரிந்ததை ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் அறிக்கைக்கு விண்ணப்பிக்கவே செப்டம்பர் வரை காத்திருந்தால் வேலை தொடங்க நேரம் இருக்காது. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, செலவாகாத ஒதுக்கீடும் அதோடு போய்விடும். "பணம் திரும்பிப் போய்விட்டது" என்று மக்கள் சொல்வது இதைத்தான்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: அனுமதி ஓரிடத்தில் கிடைக்கிறது, காசு இன்னோரிடத்திலிருந்து வருகிறது, அதைச் செலவு செய்ய மூன்றாவது இடத்தில் காணியும் அறிக்கையும் தயாராக இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது பிந்தினாலும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது ஒழுகும் கூரை மட்டும்தான்.

பெரும் பணம் ஆசிரியராக வருகிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் ஒரு பாடசாலைக்குச் செலவிடும் பணத்தில் மிகப் பெரிய பங்கு அந்தப் பாடசாலையின் வங்கிக் கணக்குக்கு ஒருபோதும் வருவதில்லை. அது ஆசிரியராக வந்து வகுப்பறையில் நிற்கிறது. மாகாணங்களின் மீண்டெழும் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான்.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. பதினைந்து ஆசிரியர்கள் இருக்க வேண்டிய பாடசாலையில் பத்துப் பேர்தான் என்றால், அந்தப் பாடசாலையிடமிருந்து மாதந்தோறும் ஐந்து சம்பளம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. யாரும் திருடவில்லை, கணக்கில் பிழையில்லை, கணக்காய்வாளருக்கும் ஒன்றும் அகப்படாது. ஆனால் பிள்ளைகளுக்கு வர வேண்டியது வரவில்லை. அரசியல்வாதி ஒருவர் தன் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில், அதாவது தன் பகுதி வேலைகளுக்கென்று அவருக்கு ஒதுக்கப்படும் அரச பணத்தில், நாற்காலி கொண்டுவந்து கொடுத்து மாலை வாங்கிக்கொள்ளும்போது நாம் கைதட்டுகிறோம். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத மூன்று ஆண்டுகளைப் பணக்கணக்கில் போட்டுப் பார்த்தால் அந்த நாற்காலிகள் சில்லறை.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று 'இணைப்பு'. ஓர் ஆசிரியரின் நியமனம் ஒரு பாடசாலையில் இருக்க, அவரைத் தற்காலிகமாக வேறு பாடசாலையில் கடமைக்கு அனுப்புவதற்கு அந்தப் பெயர். சுகவீனம், பிரசவம், பாதுகாப்பு என்று நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீண்டால், மேல் தோட்டத்துப் பாடசாலையின் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் நகரத்தில் இருப்பார். அந்தப் பாடசாலைக்கு வெற்றிடம் இல்லையென்று மாகாணத்தின் கோப்பு சொல்லும். புதியவரை அனுப்பவும் வழி அடைபட்டுவிடும். ஆளணியில், அதாவது அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கையில், எத்தனை பேர் என்று கேட்டால் போதாது, இணைப்பில் எத்தனை பேர் வெளியே போயிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வெற்றிடங்களை நிரப்பப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். அந்த இளைஞர்களும் யுவதிகளும் மாதம் 10,000 ரூபாய் கொடுப்பனவோடு வகுப்பை நடத்தினார்கள். அதுவும் உடனே கிடைத்த தொகையில்லை. முழு ஆசிரியரின் வேலை, அதில் ஒரு துண்டுக் கூலி. கல்விக்கான பற்றாக்குறையை அவர்களுடைய வயிற்றிலிருந்து எடுத்து ஈடுசெய்தார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

ஆசிரியர் போராட்டங்களையும் இந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் தொடங்கி ஒக்டோபர் வரை நீண்ட போராட்டம் சம்பள முரண்பாடு பற்றியது. ஒரே அளவு தகுதியும் பொறுப்பும் உள்ள மற்ற அரச சேவைகளோடு ஒப்பிடும்போது ஆசிரியர், அதிபர் சம்பளம் பின்தங்கியது என்பதே அந்தச் சொல்லின் பொருள். 1990களிலிருந்து இழுபட்ட தகராறு அது. அந்த முடிவு எந்தப் பாடசாலை அதிபரின் கையிலும் இல்லை, வலயப் பணிப்பாளரின் கையிலும் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள் என்று பாடசாலை வாசலில் நின்று கோபப்படுவதால் திறைசேரியின் காதில் ஒன்றும் விழாது.

பெற்றோரிடம் கேட்கும் காசு

பாடசாலைக்குள் கைமாறும் காசு அளவில் சிறியது, ஆனால் தகராறு அதிகம் எழுவது இங்கேதான். நாள் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஐந்நூறு ரூபாயும் சிறியதில்லை.

அரசாங்கத்திலிருந்து நேரே வருவது தர உள்ளீட்டு நிதி. கற்பித்தலுக்கு நேரடியாக உதவும் பொருட்களை வாங்கப் பாடசாலைக்குத் தரப்படும் தொகை அது. மாணவர் தொகையைக் கணக்கில் எடுத்துத் தருவதால் சின்னப் பாடசாலைக்குச் சின்னத் தொகைதான் கிடைக்கும். அடுத்தது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் பழைய மாணவரும் சேர்ந்த அமைப்பு, அதிபரே அதன் தலைவர். அங்கத்துவக் கட்டணம், நன்கொடை, சிற்றுண்டிச்சாலை வாடகை போன்றவை அதன் கணக்கில் சேரும். மூன்றாவது, வசதிகள் சேவைகள் கட்டணம். அமைச்சின் சுற்றறிக்கை அனுமதித்த சிறு தொகை.

இவற்றுக்கு வெளியே வகுப்பு ஆசிரியர் வழியாகக் கையில் வாங்கும் காசுதான் சிக்கல். பெயின்ட் அடிக்க, ஒளிவிழாவுக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, அதிபருக்குப் பிரியாவிடைக்கு என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். தண்ணீர் மோட்டார் எரிந்தால் ஆறு மாதம் காத்திருக்க முடியாதே. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கிய காசு, எவ்வளவு நேர்மையாகச் செலவழிக்கப்பட்டாலும், சந்தேகத்தைப் பெற்றே தீரும். காசு தராத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவதும், பெறுபேற்று அட்டையை மறிப்பதும் எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாதவை. இலவசக் கல்வி என்று நாம் சொல்லிக்கொள்வதையே அது மறுக்கிறது. பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்துக்கொள்வதற்குக் காசு வாங்கினால் அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் வேலை.

பெற்றோர் தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நான்கு பேர் போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு ஆண்டு முழுவதும் கணக்குக் கேட்பது நடக்காது. வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும் அந்த அரை நாள்தான் கேட்க வேண்டிய நாள். அது வேலை நாளில் வைக்கப்பட்டால், பேர் விழாமல், அதாவது அன்றைய நாள் சம்பளம் இல்லாமல், போகும் என்பதற்காகத் தாய்மார் வரமாட்டார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

எந்தத் தகராறு எந்த வாசலுக்கு

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கு பற்றிய சந்தேகம் என்றால் முதலில் சங்கத்தின் பொதுக்கூட்டம், பிறகு வலயக் கல்வி அலுவலகம். மதிய உணவு வழங்கும் தாய்மாருக்குப் பணம் பிந்தினாலும் அதிபரை மட்டும் பிடித்துப் பயனில்லை. பட்டியல்களை அவர் அனுப்பினாரா என்று பார்த்துவிட்டு வலயத்தின் கணக்குக் கிளைக்குப் போக வேண்டும். கட்டிடம் பாதியில் நின்றால் கேள்வி மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு.

ஆசிரியர் இடமாற்றமும் ஒழுக்காற்றும் தனி விடயம். மாகாணப் பாடசாலை ஆசிரியர்களின் மீது அந்த அதிகாரம் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு உரியது. ஓர் அதிபர் மீதோ ஆசிரியர் மீதோ முறைப்பாடு போனால் முதலில் நடப்பது ஆரம்ப விசாரணை. குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. ஆதாரம் இருந்தால் குற்றப்பத்திரிகை கொடுத்து, பதில் வாங்கி, அதன் பிறகே முறையான ஒழுக்காற்று விசாரணை. இடையில் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றினால் அவர் குற்றவாளி என்று தீர்ந்துவிட்டதாக ஊர் பேசும். அது சாட்சிகளைக் காப்பதற்கான ஏற்பாடாக இருக்கலாம். அதேபோல இடமாற்றத்தோடு எல்லாம் முடிந்தது என்று அடங்கிவிடுவதும் தவறு. பிள்ளைக்கு எதிரான வன்முறை என்றால் இந்தப் படிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். பொலிசுக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் உடனே போகலாம், 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வாசலை மூடி ஆர்ப்பாட்டம் செய்வதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்துக்குப் பதில் வராத இடத்தில் மக்கள் வீதிக்கு இறங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். பல வெற்றிடங்கள் அப்படித்தான் நிரப்பப்பட்டன. ஆனால் பாடசாலை வாசலை மூடினால் பாடம் இழப்பது நம் பிள்ளை. அதே ஐம்பது பேர் வலய அலுவலக வாசலில் நின்றால் பாடம் நடந்துகொண்டே இருக்கும்.

மாகாண சபை உறுப்பினரிடம் சொல்லலாமே என்றால், இப்போது அப்படி ஒருவர் இல்லை. மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவினது 2019இலும் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் கீழ் அதிகாரிகளே நடத்துகிறார்கள். தோட்டப் பாடசாலைக்காகச் சபையில் எழுந்து கேள்வி கேட்கக்கூடிய அந்த ஒரு படி இத்தனை ஆண்டுகளாக வெறுமையாகக் கிடக்கிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை.

சுருக்கமாக: பாடசாலைக்குள் புழங்கும் காசுக்குச் சங்கமும் வலயமும், கட்டிடத்துக்கு மாகாணத் திணைக்களம், ஆசிரியருக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு, சம்பளக் கொள்கைக்குக் கொழும்பு.

பல்கலைக்கழகத்தில் பாதை வேறு

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கோ மாகாணத்தோடு தொடர்பில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு திறைசேரிக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில் நிற்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் நிர்வாகமும் பணமும் பேரவையின் கையில், பாடமும் பரீட்சையும் மூதவையின் கையில்.

2012இல் விரிவுரையாளர்கள் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தபோது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டார்கள். நாடு ஓர் ஆண்டில் உற்பத்தி செய்யும் பொருட்கள், சேவைகளின் மொத்தப் பெறுமதிதான் மொத்த உள்நாட்டு உற்பத்தி. 2015இல் உலக நாடுகள் தென் கொரியாவின் இன்சியோனில் ஒப்புக்கொண்ட அளவு 4 முதல் 6 வீதம் வரை. இலங்கை நெடுங்காலமாக 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. ஊற்றே சிறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2024இல் கல்விசாரா ஊழியர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததையும் அங்கிருந்தே பார்க்க வேண்டும். அந்தப் போராட்டங்களில் ஒரு மாணவர் இழக்கும் மாதங்கள், லயத்திலிருந்து வந்தவருக்கு இன்னும் கனமானவை. பட்டம் ஆறு மாதம் பிந்தினால் வீட்டுக்கு வரும் முதல் சம்பளமும் ஆறு மாதம் பிந்துகிறது.

ஒரு கடிதம் எழுதுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அரச நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பிரசை எவரும் தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

"எங்கள் பாடசாலைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. வலய அலுவலகத்துக்கு இப்படிக் கேளுங்கள்: எங்கள் பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி எத்தனை? பாட வாரியாக இன்று கடமையில் இருப்பவர்கள் எத்தனை? இணைப்பில் வெளியே சென்றவர்கள் எத்தனை பேர், எந்தத் திகதியிலிருந்து? கடந்த ஆண்டு கட்டிடத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, விடுவித்த தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு? ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

கடிதத்தின் பிரதியை வைத்துக்கொண்டு, ஒப்படைத்ததற்கான அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வந்ததும் அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வாசித்து, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அதிபர் மாறலாம், பணிப்பாளர் மாறலாம். அடுத்த ஆண்டு முதலாம் தரத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோருக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.